மாவு ஒன்று, பண்டம் நாலு

இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டால் காலையில் இட்லி, ராத்திரிக்குத் தோசை, மீந்ததில் வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். பண்டம் மாறுகிறது; மாவு ஒன்றுதான். மாவில் உப்புக் குறைந்தால் மூன்றிலும் குறையும். சுட்ட தோசைமேல் உப்பைத் தூவி மாவைச் சரிசெய்ய முடியாது. வீடு வரையும் மென்பொருள் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள இவ்வளவு சமையல் அறிவு போதும்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஊருக்குள் மாடிவீடே இருந்தாலும் காட்டில், அதாவது விளைநிலத்தில், ஒரு கொட்டாய் வேண்டும். ராத்திரி தண்ணீர் கட்டப் போனால் படுக்க வேண்டும். மஞ்சள் வேகவைக்கும் நாட்களில் அங்கேயே கிடக்க வேண்டும். ‘கொட்டாய்’ என்று பெயர் முடியும் குக்கிராமங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஏராளம். காட்டிலேயே குடியிருப்பது இங்கே புதுசு இல்லை. முன்பெல்லாம் அதற்கு வரைபடம் கிடையாது. குச்சியால் மண்ணில் கோடு கிழிப்பார்கள். இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு உள்ளே ‘ரூம்’ என்று எழுதுவார்கள். இப்போது அதே கொட்டாயில் ஒரு குளியலறை, சமைக்க ஒரு மேடை, உர மூட்டை வைக்க ஒரு மூலை, பெங்களூரிலிருந்து வரும் பிள்ளை மடிக்கணினியை வைத்து வேலை பார்க்க ஒரு மேசை, இத்தனையும் வேண்டியிருக்கிறது. கேட்பவை கூடிவிட்டன, இடம் கூடவில்லை. அதனால்தான் வரைந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பத்திரிகையின் பின்பக்கத்துப் படம் சுட்டு எடுத்த தோசை. அறையை அரையடி அகலப்படுத்த நினைத்தால் அதை இழுத்து நீட்ட முடியாது. இன்னொன்று ஊற்ற வேண்டும். மென்பொருள் படத்தைச் சேமித்து வைப்பதே இல்லை. மாவைத்தான் வைத்துக்கொள்கிறது. திரையில் தெரியும் தரைப்படம், அதற்குக் கீழே சுற்றிச் சுற்றிப் பார்க்கும் முப்பரிமாண வீடு, சதுர அடிக் கணக்கு எல்லாமே கேட்கும்போது கேட்கும்போது ஊற்றி எடுப்பவை.

இந்த யோசனைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’டில், ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த மூல வடிவத்தைத் திருத்தினால் அதன் பிரதிகள் எல்லாம் தானே திருந்தின. 1975இல் சார்லஸ் ஈஸ்ட்மன் அதைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார். கட்டடத்தை ஒரே ஒரு முறை கணினிக்குச் சொல்லிவிட்டால், எல்லாக் கோணப் படங்களையும் பொருள் கணக்கையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். வெகுகாலம் அது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் சமாச்சாரமாக இருந்தது. இன்று பழைய மடிக்கணினியிலும் ஓடும்படி இலவசமாகவே கிடைக்கிறது. பிரெஞ்சு நிரலாளர் எம்மானுவேல் புயிபாரே எழுதிய ‘ஸ்வீட் ஹோம் 3டி’ அப்படி ஒன்று. கொட்டாய் அளவுக்கு அது தாராளம். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அதை வைத்தே பார்ப்போம்.

வரைந்து சேமித்த கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் உள்ளே எழுத்துக் கோப்பு ஒன்று இருக்கும். ஒரு சுவருக்கு ஒரு வரி: எந்தப் புள்ளியில் தொடங்குகிறது, எந்தப் புள்ளியில் முடிகிறது, உயரம் எவ்வளவு, கனம் எவ்வளவு, எந்தச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. செங்கல்லும் இல்லை, படமும் இல்லை. நாலு சுவர் வீடு என்றால் நாலு வரி எண்கள். மாவு அவ்வளவுதான். இதை ஒரு தடவை பார்த்துவிட்டவர்களுக்கு மென்பொருள் மேல் உள்ள பயம் பாதி போய்விடும் என்பது என் எண்ணம்.

மாவுக்கு அரிசியும் உளுந்தும் அளக்கிறோம். ஆழாக்கா டம்ளரா என்பது பெரிய விஷயமில்லை. இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளக்க வேண்டும். இங்கேயும் முதல் வேலை அதுதான். நிலத்தின் எஃப்.எம்.பி. எனும் புல அளவைப் படத்தில் அளவு பெரும்பாலும் மீட்டரில் இருக்கும். மேஸ்திரி அடியில் பேசுவார், கூலியைச் சதுரத்தில் பேசுவார்; ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. மென்பொருளோ உள்ளுக்குள் எல்லாவற்றையும் சென்டிமீட்டராக மாற்றி வைத்துக்கொள்கிறது. நமக்குக் காட்டுவது அடி அங்குலத்தில் இருக்கட்டும் என்று விருப்பத்தேர்வில் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். கையால் போட்ட படத்தைக் கைப்பேசியில் பிடித்துப் பின்னணியாக வைத்து அதன்மேலும் வரையலாம். அப்போது அது ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் கோட்டின் நிஜ நீளம் என்ன? அந்த ஒரு பதிலை வைத்துத்தான் மீதி அத்தனையையும் அளக்கும். நிலத்தில் டேப் பிடித்து அளந்த எண்ணாக அது இருக்கட்டும். கண்மதிப்பில் போட்ட ‘சுமார் இருபதடி’ இங்கே வேலைக்கு ஆகாது.

வெளி அளவு 12 அடிக்கு 16 அடி என்று ஒரு கொட்டாயை எடுத்துக்கொள்வோம். 192 சதுர அடி, இரண்டு சதுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நீளவாக்கு கிழக்கு மேற்காக. சுவர் 9 அங்குலம். மென்பொருளின் சுவர்க் கருவியைப் பிடித்து 12, 16 என்று தட்டிச் செவ்வகத்தை மூடுகிறீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெளியே அளந்தால் 12 அடி 9 அங்குலமும் 16 அடி 9 அங்குலமும் காட்டும். காரணம் அந்த எழுத்துக் கோப்பில் இருக்கிறது. சுவர் என்று அது குறித்துவைப்பது சுவரின் நடுக்கோட்டை. கனத்தை இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரித்துப் பூசுகிறது. வெளி அளவு 12க்கு 16 வேண்டுமென்றால் நடுக்கோடு 11 அடி 3 அங்குலத்துக்கு 15 அடி 3 அங்குலம் என்று வரைய வேண்டும். கோப்பில் அது 342.9 என்றும் 464.82 என்றும் போய் உட்காரும்.

இது மென்பொருளின் கிறுக்குத்தனம் இல்லை. கடக்கால் தோண்ட நூல் கட்டும்போது எந்த மேஸ்திரியும் கேட்பதுதான்: “வெளியளவாங்ணா, உள்ளளவா, சென்டரா?” பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைந்தவருக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. சின்ன வீட்டில் இது சின்ன விஷயமும் இல்லை. வெளியே 192 சதுர அடி. 9 அங்குலச் சுவர் போக உள்ளே 10 அடி 6க்கு 14 அடி 6, அதாவது 152 சதுர அடிதான். நாற்பது சதுர அடியைச் சுவரே தின்றுவிட்டது. அதே வெளி அளவில் சுவர் நாலரை அங்குலமாக இருந்தால் உள்ளே 171 கிடைக்கும். வித்தியாசம் ஒரு ஒற்றைக் கட்டில் போடும் இடம். மாளிகை கட்டுபவர் இதைக் கவனிக்காமல் விடலாம். கொட்டாய் கட்டுபவர் விட முடியாது.

மூலைகளில் சுவரும் சுவரும் சேர வேண்டும். முந்தைய சுவரின் முனைமேலேயே அடுத்ததைத் தொடங்கினால் மென்பொருள் இரண்டையும் ஒட்டிவிட்டு, மூலையைச் சாய்வாக வெட்டிப் பொருத்திக்கொள்ளும். ஒரு மயிரிழை தள்ளி வைத்தால் திரையில் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், கணக்கில் பிரிந்தே இருக்கும். அறைக்கருவியை எடுத்து உள்ளே இரட்டைச் சொடுக்குப் போட்டால் சுவர்கள் சூழ்ந்த இடத்தை அதுவே நிரப்பிப் பரப்பளவைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் எங்கோ சந்து இருக்கிறது. தரைக்கு டைல்ஸ் நிறம் தேடுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

கதவும் ஜன்னலும் இதைவிடச் சுவாரசியம். ஜன்னலை இழுத்துச் சுவர்மேல் விட்டால் அது சுவரின் திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும். ஆனால் சுவரின் வரி மாறாது. ஜன்னலுக்குத் தனி வரி உண்டு: அகலம், உயரம், தரையிலிருந்து எவ்வளவு மேலே. முப்பரிமாணப் படம் போடும் நேரத்தில்தான் சுவரின் பரப்பிலிருந்து ஜன்னலின் உருவத்தைக் கழித்து ஓட்டை போடுகிறது. ஜன்னலை நகர்த்தினால் பழைய ஓட்டை அடைபட்டுப் புது ஓட்டை வருவது இதனால்தான். நிஜச் சுவரில் அந்த ஓட்டையை அடைக்க ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், அரை நாள்.

பிறகு படம். சுவர், தரை, கட்டில் எல்லாவற்றையும் மென்பொருள் சின்னச் சின்ன முக்கோணங்களாகத் துண்டுபோடுகிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மூலையும் திரையில் எங்கே விழும், எது எதை மறைக்கும் என்று கணக்கிட்டு நிரப்புகிறது. நொடிக்குப் பல முறை இது நடக்கும். தோசைக்கல் சூடாக இருக்கிறது, ஊற்ற ஊற்ற வருகிறது. மேலிருந்து பார்ப்பதைவிட, உள்ளே ஒரு ஆளை நடக்கவிட்டு அவர் கண்ணால் பார்க்கும் வசதியைத்தான் நான் அதிகம் பயன்படுத்தச் சொல்வேன். அந்த ஆளின் உயரத்தை மாற்றலாம். நிற்பவர் கண்ணுக்கு வைத்துப் பாருங்கள். பிறகு கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு, தரையிலிருந்து மூன்றேமுக்கால் அடிக்கு, இறக்கிப் பாருங்கள். ஜன்னல் 4 அடியில் தொடங்கினால் உட்கார்ந்தவருக்கு வானம்தான் தெரியும். 3 அடியில் தொடங்கினால் வாய்க்காலில் தண்ணீர் போகிறதா என்று படுக்கையைவிட்டு எழாமலே பார்க்கலாம்.

‘புகைப்படம் எடு’ என்ற பகுதி வேறு ரகம். அங்கே மாவு பொங்க நேரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று தடம் பிடித்துக் கணக்கிடுவதால், உயர்ந்த தரம் கேட்டால் ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் வந்து பார்க்கும்படி ஆகும். அழகான படம் வேண்டியா இதைச் செய்ய வேண்டும்? இல்லை. வெயிலுக்காகச் செய்ய வேண்டும். திசைகாட்டிச் சின்னத்தில் வடக்கைச் சரியாகத் திருப்பி, ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்து, தேதியும் மணியும் சொன்னால் சூரியனை அந்த இடத்தில் நிறுத்தி நிழல் போட்டுக் காட்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி ஏறக்குறைய 12 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை இரண்டாவது வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல். ஜூன் 21 வாக்கில் அது வடக்கே சுமார் பதினொன்றரைப் பாகை சாய்ந்திருக்கும். டிசம்பர் 21 வாக்கில் தெற்கே 35 பாகை. தெற்கு ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு போட்டால் மார்கழி உச்சிவெயிலில் கீழே 2.8 அடிக்கு நிழல் விழும். 4 அடி ஜன்னலின் அடிப்பகுதியில் கொஞ்சம் வெயில் உள்ளே வரும். அந்தக் குளிருக்கு வரட்டும். மேற்குதான் வில்லங்கம். சித்திரையில் மாலை நாலேகால் மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 31 பாகையில், கிட்டத்தட்ட நேர் மேற்கில் நிற்கும். அதே 2 அடி சன்ஷேடு அங்கே ஒன்றேகால் அடியைத்தான் மறைக்கும். 4 அடி ஜன்னல் முழுவதையும் மறைக்க ஆறரை அடி நீட்ட வேண்டும். ஆறரை அடி சன்ஷேடு என்பது சன்ஷேடு இல்லை, தாழ்வாரம்.

ஆகவே கொட்டாயின் உள்ளமைப்பை இங்கே வெயில்தான் தீர்மானிக்கிறது. மேற்கு ஓரத்தில் 4 அடி அகலத்துக்கு ஒரு பட்டையை நாலரை அங்குலச் சுவரால் தடுத்துவிடுங்கள். அதன் வடமேற்கில் 6 அடிக் குளியலறை. மீதி 4 அடி ஒன்றரை அங்குலம் தென்மேற்கில் உர மூட்டைக்கும் மண்வெட்டிக்கும். மேற்குச் சுவரில் வென்டிலேட்டர் தவிர ஓட்டை வேண்டாம். பிற்பகல் வெயில் இந்த இரண்டு அறைகளையும் சுட்டுவிட்டுப் போகட்டும். கிழக்கே 10 அடி 6க்கு 10 அடி ஒன்றரை அங்குலத்தில் பெரிய அறை தப்பிக்கும். அதன் தென்கிழக்கு மூலையில் சமையல் மேடை. அக்னி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் கனமான சாமான் என்று வாஸ்து பார்ப்பவரும் வாயைத் திறக்க மாட்டார். அவரோடு வாதாடி மிச்சமாகும் நேரம் பெரிய லாபம். கட்டில், மேசை, திறந்த கதவின் வளைவு எல்லாவற்றையும் நிஜ அளவில் போட்டுப் பாருங்கள். ஒற்றைக் கட்டில் என்றால் ஆறேகாலுக்கு 3 அடி. கதவு கட்டிலின் காலில் இடிக்கும் சங்கதி திரையிலேயே தெரிந்துவிடும்.

கூரையில்தான் இந்த மென்பொருள் கையை விரிக்கிறது. கூரை போடத் தனிக் கருவி இதில் இல்லை. சுவரின் இரு முனைக்கும் வேறு வேறு உயரம் கொடுத்து முக்கோணச் சுவர்களை எழுப்பலாம். மேலே பலகை போல ஒன்றைச் சாய்த்து வைக்கலாம். ஓட்டுக் கூரையைச் சரியாகப் பார்க்க ஆசை என்றால் ஸ்கெட்ச்அப் பக்கம் போக வேண்டும். 2000இல் வெளிவந்து, 2006இல் கூகுள் கைக்குப் போய், 2012இலிருந்து டிரிம்பிள் நிறுவனத்திடம் இருக்கும் மென்பொருள் அது. அதன் சமையலே வேறு. அங்கே மாவை ஊற்றுவதில்லை, கொழுக்கட்டை மாதிரி கையால் பிடிக்க வேண்டும். கோடுகள் ஒரே தளத்தில் மூடிக்கொண்டால் ஒரு முகம் பிறக்கும். அந்த முகத்தைப் பிடித்து இழுத்தால் கனம் வரும். எந்த வடிவமும் பிடிக்கலாம், ஓட்டுக்கூரைக்கு ரொம்பத் தோது. ஆனால் இது சுவர், இது ஜன்னல் என்று அதற்கு நாமாகச் சொல்லாதவரை தெரியாது. கோடும் முகமும்தான் தெரியும். தொகுத்துக் கட்டாமல் விட்டால் பக்கத்துச் சுவரும் கூடவே இழுபட்டு வரும். முதல் வீட்டுக்கு அதைத் தொட வேண்டாம் என்பேன். கூரைக்கு மட்டும் தொடலாம்.

இரண்டுக்குமே தெரியாதவை நிறைய. மங்களூர் ஓட்டைத் தட்டையாகப் போட்டாலும் மென்பொருள் ஒன்றும் சொல்லாது. 12 அடி அகலத்தின் நடுவில் மோட்டு வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 6 அடி ஓட்டத்துக்கு 3 அடியாவது ஏற்றம் கொடுக்காவிட்டால் ஐப்பசி மழை ஓட்டுக்கு அடியில் ஏறும் என்பது ஓடு வேய்பவருக்குத் தெரியும். மண் செம்மண்ணா கரிசலா என்று மென்பொருள் கேட்காது. அதன் சுவர்கள் வெறும் வெள்ளைத் தரைமேல் நிற்பவை. கடக்கால் ஆழமும் கம்பியும் பொறியாளர் சொல்ல வேண்டியவை. சேர்வராயன் மலையும் அதற்குத் தெரியாது. மார்கழியில் சூரியன் நேர் மேற்குக்கு 24 பாகை தெற்கே இறங்குகிறது. மலை தென்மேற்கே நிற்பதால், வாணியாறு அணைப் பக்கம் அடிவாரத்தில் நிலம் உள்ளவருக்கு வெயில் மென்பொருள் சொல்வதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். அங்கே மேற்குச் சுவரைப் பற்றி இவ்வளவு கவலைப்படத் தேவையில்லாமலும் போகலாம். ஒரு மாலை நேரத்தில் போய் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

செங்கல் கணக்கை நாமே போட வேண்டும், ஆனால் அளவு அத்தனையும் கையில் இருக்கிறது. நடுக்கோட்டின் சுற்றளவு 53 அடி. பொறியாளர்களும் மதிப்பீடு போடுவது நடுக்கோட்டை வைத்துத்தான். மூலைகள் இரண்டு தடவை எண்ணப்படாமல் தப்பிக்கும். உயரம் 9 அடி என்றால் 477 சதுர அடி. ஒரு கதவும் 4க்கு 4 ஜன்னல் இரண்டும் கழித்தால் 424. முக்கால் அடிக் கனத்தால் பெருக்கினால் 318 கன அடி. காரையோடு சேர்த்து 9க்கு நாலரைக்கு 3 அங்குலக் கல் என்று வைத்தால் சுமார் 4,500 கல், உள்தடுப்புக்குத் தனியாக ஐந்நூறு. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே காற்றிடம் விட்டுக் கட்டினால், வெளிச்சுவரில் கால்பங்கு கல் மிச்சமாகும். வெயிலும் உள்ளே இறங்கத் தாமதமாகும். அதைக் கட்டத் தெரிந்த கை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் மனசு மாறி ஹாலோ பிளாக் என்று முடிவெடுத்தால் சுவர்க் கனத்தை ஒரே பெட்டியில் 8 ஆக்கலாம். படம், பரப்பளவு எல்லாம் அந்த நொடியே மாறும். இங்கே ஒரு எச்சரிக்கை. மாவு நினைவில் வைத்திருப்பது நடுக்கோட்டை, வெளி அளவை அல்ல. கனம் குறைந்ததும் கொட்டாய் 11 அடி 11க்கு 15 அடி 11 ஆகச் சத்தமில்லாமல் சுருங்கியிருக்கும்.

அனுமதி பற்றி ஒரு வரி. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. காட்டு நிலம் என்றால் கதை வேறு. தோண்டுவதற்கு முன்னால் நிலம் இருக்கும் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டியது முப்பரிமாணப் படம் அல்ல. அதைப் பார்த்து “நல்லாருக்குதுங்ணா” என்பார், அதோடு சரி. அளவுக்கோடுகள் போட்ட தரைப்படம் ஒன்றை அச்செடுத்து, எல்லா எண்ணும் வெளி அளவு என்று மேலே எழுதி, மூலைக்கு மூலை அளவையும் குறித்துக் கொடுங்கள். 12க்கு 16 என்று எடுத்ததில் இங்கே ஒரு வசதி இருக்கிறது. மூலைமட்டம் பிடிக்க மேஸ்திரிகள் வைத்திருக்கும் 3, 4, 5 கணக்கின் நாலு மடங்கு அது. குறுக்களவு சுத்தமாக 20 அடி வரும். நடுக்கோட்டுக்குப் பார்த்தால் 18 அடி 11 அங்குலம் 3 நூல், யாருக்கும் நினைவில் நிற்காது. நூல் கட்டி முடித்ததும் இரண்டு குறுக்கையும் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்று 20, இன்னொன்று 20 அடி 2 அங்குலம் என்று வந்தால் முளைக்குச்சியைப் பிடுங்கி நகர்த்த வேண்டும், கடப்பாரையை எடுப்பதற்கு முன்னால்.